பெப்ரவரி 9க்குப் பிறகு: ஒரு ஜென்கின்ஸ் வழங்கி சேவையாக மாறிய நிகழ்வு ஆய்வு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு இலங்கை முழுவதற்குமான மின்விநியோகத்தை நிறுத்தியது. மாலைக்குள் மின்சாரம் படிப்படியாக மீண்டது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களும் நின்றுபோயிருந்ததால், 10ஆம் 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த மூன்று நாள்களில் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததும், அதன் பின்னர் நாங்கள் செய்த மாற்றமுமே இந்த ஆய்வின் பொருள்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான இருப்பு, கணக்கு மென்பொருளை அவர்கள் எழுதுகிறார்கள். அதன் திரைகளும் அறிக்கைகளும் முழுவதும் தமிழில் உள்ளவை. அறிக்கை வார்ப்புருக்களின் கோப்புப் பெயர்கள்கூடத் தமிழ்தான். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும். நிரலில் யார் எந்த மாற்றத்தைச் சேர்த்தாலும் ஜென்கின்ஸ் என்ற தானியக்க மென்பொருள் அதை எடுத்து, தொகுத்து, சோதனைகளை ஓட்டி, தேறினால்தான் வெளியீட்டுக்கு அனுப்பும். அதாவது, அவர்களிடம் தொடர் ஒருங்கிணைப்பு ஏற்கெனவே இருந்தது, நன்றாகவும் இருந்தது.

ஞாயிறு மாலை மின்சாரம் வந்ததும் அலுவலகக் காவலாளி ஆளியைப் போட்டார், கணினி எழுந்தது, ஜென்கின்ஸ் எழவில்லை. திங்கட்கிழமை அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பில்ட் (தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) தோற்றால் மின்னஞ்சல் வரும், பில்ட் ஓடவே இல்லையென்றால் எதுவும் வராது. வழக்கம்போல மின்னஞ்சல் வராததால் எல்லாம் நலம் என்று நம்பி, ஒரு திருத்தத்தைக் கையால் தொகுத்து ஒரு சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இருப்பு அறிக்கையின் கூட்டுத்தொகை பிழைத்தது. அந்தப் பிழையைப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட சோதனை ஒன்று, ஓட்டுவாரின்றி அந்தக் கணினியிலேயே கிடந்தது.

ஜென்கின்ஸ் ஏன் எழவில்லை என்பதற்கான விடை எளிது. அதை நிறுவிய பொறியியலாளர், ஜென்கின்ஸ் முழுவதும் அடங்கிய வார் கோப்பைத் தரவிறக்கி, தன் பயனர் கணக்கில் உள்நுழைந்து, ஜாவா கட்டளையொன்றால் பயனர் வெளியேறினாலும் நிற்காத ஒரு ஸ்கிரீன் அமர்வுக்குள் ஓடவிட்டிருந்தார். பரிசோதித்துப் பார்ப்பதற்கு அது சரியான வழிதான். அவர் பின்னர் புலம்பெயர்ந்து போய்விட்டார். கணினி அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் யாராவது அவருடைய கணக்கில் உள்நுழைந்து அதே கட்டளையைத் தட்ட வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் இதைச் சிறிய குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. 1990களில் ஆண்டுக்கணக்காக மின்வலையமைப்பே இல்லாமல் வாழ்ந்த ஊர் இது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாடே அறியும். மின்சாரம் நிற்பது இங்கே எதிர்பார்க்க வேண்டிய நிகழ்வு. திறமையான இளைஞர் கொழும்புக்கோ கடல்கடந்தோ போவதும் அப்படியே. இந்த இரண்டையும் தாங்காத ஒழுங்கமைப்பு, எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும், இந்த ஊருக்குப் பொருந்தாது.

மேகக் கணிமைச் சேவை ஒன்றுக்கு மாறிவிடலாமே என்ற யோசனை முதலில் எழுந்தது. சங்கங்களின் உண்மையான கணக்குத் தரவை வைத்துச் சில சோதனைகள் ஓடுகின்றன; அதை வெளியே அனுப்ப அவர்களுக்கு அனுமதியில்லை. டொலரில் மாதக் கட்டணம் செலுத்தவும் உரிமையாளர் விரும்பவில்லை. இரண்டும் நியாயமான காரணங்கள். எனவே அதே கணினியில், அதே ஜென்கின்ஸை, லினக்ஸ் இயக்குதளம் தானாகவே எழுப்பி நடத்தும் சேவையாக மாற்றுவதென முடிவாயிற்று. பொறுப்பு என்னிடமும் அங்கே பணிபுரியும் இளம் பொறியியலாளர் ஒருவரிடமும் வந்தது.

ஆளில்லாத கணக்கு

ஜென்கின்ஸின் வரலாறு பலருக்குத் தெரிந்ததே. கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணிபுரிந்தபோது ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது. சன் நிறுவனத்தை ஒரக்கிள் வாங்கிய பின்னர் எழுந்த பெயருரிமைப் பிணக்கால் 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. நமக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. 2022 மார்ச்சில் வந்த 2.332.1 நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அதன் லினக்ஸ் பொதிகள் (நிறுவல் தொகுப்புகள்) பழைய தொடக்கக் கட்டளைக் கோப்புகளைக் கைவிட்டு, லினக்ஸில் சேவைகளை எழுப்பி மேற்பார்க்கும் சிஸ்டம்டியை நேரடியாகப் பயன்படுத்துகின்றன. இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் அதற்கு முந்தியவை. அவை சொல்வதுபோல இடிசி அடைவின் (கோப்புறையின்) டிஃபோல்ட் பகுதியிலுள்ள ஜென்கின்ஸ் கோப்பில் துறை எண்ணை (வலையமைப்பில் அதை அடையும் வாயிலின் எண்ணை) மாற்றிவிட்டு, ஏன் மாறவில்லை என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது சரியான வழி, சிஸ்டம்டியை ஆளும் சிஸ்டம்சிடிஎல்லின் எடிட் கட்டளையால் ஒரு மேலெழுதல் கோப்பை உருவாக்கி, மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதுவது. பொதியோடு வந்த மூலக் கோப்பைத் தொடக்கூடாது; அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும்.

பொதியை நிறுவியதும் ஜென்கின்ஸ் என்ற பெயரில் தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாகிறது. வார்-லிப் அடைவின் கீழ் அதற்கு வீடு அமைகிறது. தானாக எழும்பும்படி சேவையும் பதிவாகிறது. 8080ஆம் துறையில் பதில் தருகிறது. இவ்வளவும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பழைய பயனரின் வீட்டிலிருந்த ஜென்கின்ஸ் அடைவைப் புதிய இடத்துக்குப் படியெடுத்து, உரிமையைப் புதிய கணக்குக்கு மாற்றினோம். ஜாவாவையும் உயர்த்த வேண்டியிருந்தது: 2024 ஒக்டோபரில் வந்த 2.479.1 பதிப்பிலிருந்து ஜென்கின்ஸுக்கு ஜாவா 17 அல்லது 21 வேண்டியிருந்தது.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் ஓடிக்கொண்டிருந்த வார் கோப்பு, 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2024-23897 என்ற பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படுவதற்கு முந்தியது. கட்டளைவரி வழியாக வழங்கியிலுள்ள கோப்புகளை வெளியார் வாசிக்க இடமளித்த ஓட்டை அது, 2.426.3இல் அடைக்கப்பட்டது. ஒருவரின் வீட்டு அடைவில் கிடக்கும் கோப்பை யாரும் புதுப்பிப்பதில்லை. பொதியாக நிறுவியது, கணினியின் மற்றப் பொதிகளோடு சேர்ந்து புதுப்பிப்புப் பட்டியலில் தெரிகிறது. சேவையாக மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

சேவை எழுந்தது. முதல் பில்ட் தோற்றது. "அண்ணா, பழைய கணக்கில் கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓட்டினால் ஓடவில்லை. ஜென்கின்ஸ் கணக்குக்கு கடவுச்சொல் இல்லாத நிர்வாகி உரிமையைக் கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார் இளம் பொறியியலாளர். வேண்டாம் என்றேன். அந்த உரிமையைக் கொடுத்தால், நிரல் களஞ்சியத்தில் எழுதக்கூடிய எவரும் அந்தக் கணினியின் முழு உரிமையாளராகிவிடுவார். தவிர, ஒவ்வொரு தோல்வியும் நமக்குச் சொல்லவந்த செய்தியும் மறைந்துவிடும். வாடகை வீட்டைக் காலிசெய்யும்போதுதான் கட்டிலின் கீழும் பரணிலும் என்னென்ன சேர்ந்திருந்தன என்று தெரியும். புலம்பெயர்ந்துபோன அந்தப் பொறியியலாளரின் கணக்கில் இந்த பில்ட் எதையெல்லாம் ஓசையின்றிக் கடன் வாங்கியிருந்தது என்பதை இந்தத் தோல்விகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டின.

முதலில், தேடுபாதை, அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல். பில்டுக்கு வேண்டிய கருவிகளான மேவனும் நோடும் அவருடைய வீட்டு அடைவுக்குள் நிறுவப்பட்டிருந்தன. அவற்றுக்கான பாதையை, அவர் முனையத்தைத் திறக்கும்போது வாசிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பு சேர்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டம்டி எந்தச் சேவைக்கும் பாஷ்ஆர்சியை வாசிப்பதில்லை. கட்டளை காணப்படவில்லை என்ற 127ஆம் வெளியேற்றக் குறியீடு அதனால் வந்தது. இரண்டையும் ஜென்கின்ஸின் கருவிகள் பகுதியில் பதிப்பு எண்ணோடு பதிந்தோம்.

அடுத்து, திறவுகோல். களஞ்சியத்தோடு பேசும்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் திறவுகோல் அவருடைய தனிப்பட்ட திறவுகோல். அதைப் படியெடுத்து வைத்துக்கொள்வது வேலையை உடனே முடித்திருக்கும். ஆனால் நாட்டைவிட்டுப் போன ஒருவரின் அடையாளத்தில் ஒரு நிறுவனத்தின் வெளியீடுகள் நடப்பது சரியல்ல, அவருக்கும் அது நியாயமல்ல. வாசிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள புதிய திறவுகோலை உருவாக்கி, ஜென்கின்ஸின் நம்பகச் சான்றுப் பெட்டகத்தில் வைத்தோம். களஞ்சிய வழங்கியின் அடையாளக் கைரேகையைச் சரிபார்த்து, புதிய கணக்கின் அறிந்த வழங்கிகள் கோப்பில் சேர்த்தோம். சரிபார்ப்பையே நிறுத்திவிடும் குறுக்குவழியை எவரும் பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம்.

தமிழ் தெரியாத சேவை

இந்த மாற்றத்தில் எங்களை அதிக நேரம் பிடித்துவைத்தது மொழியமைப்பு, அதாவது ஒரு நிரல் எந்த மொழியையும் எழுத்துக் குறிமுறையையும் பின்பற்ற வேண்டும் என்ற அமைப்பு. தமிழில் வேலைசெய்யும் எந்தக் குழுவுக்கும் இது நேரும் என்பதால் விரித்தே எழுதுகிறேன்.

பில்ட் பதிவைத் திறந்தால் தமிழ்ச் செய்திகள் இருந்த இடங்களிலெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். இருப்பு அறிக்கையின் வார்ப்புருவைத் திறக்கும் சோதனையில், பாதை செல்லாது, உருமாற்ற முடியாத எழுத்துகள் உள்ளன என்ற விதிவிலக்கை ஜாவா எறிந்தது. கோப்பு இருக்கிறது, வாசிக்கும் உரிமையும் இருக்கிறது, பெயரைத்தான் ஜாவாவால் எழுதமுடியவில்லை.

காரணம் இதுதான். பழைய கணக்கின் பாஷ்ஆர்சி, மொழியமைப்பை, எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் யூடிஎஃப்-8 என்று வைத்திருந்தது. கணினி முழுவதற்குமான மொழியமைப்புக் கோப்பு வெறுமையாக இருந்தது. எனவே சிஸ்டம்டி எழுப்பிய சேவைக்கு எந்த மொழியமைப்பும் கிடைக்கவில்லை. எதுவும் சொல்லப்படாதபோது பொருந்தும் போசிக்ஸ் இயல்புநிலைக்கு அது விழுந்தது. அந்நிலையில் ஜாவா 17 தன் இயல்பு எழுத்துக் குறிமுறையாக 128 குறிகள் மட்டுமே கொண்ட ஆஸ்கியை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை.

ஜாவா 21க்கு மாறினால் தீர்ந்துவிடுமா என்று இளம் பொறியியலாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஜாவா 18இலிருந்து, மொழியமைப்பு எதுவாயினும் கோப்பின் உள்ளடக்கத்துக்கு யூடிஎஃப்-8தான் இயல்பு. ஆனால் கோப்பின் பெயருக்கு அது பொருந்தாது. பெயரை எந்த எழுத்துக் குறிமுறையில் இயக்குதளத்திடம் கொடுப்பது என்பதை ஜாவா இன்னும் மொழியமைப்பிலிருந்தே அறிகிறது. ஆகவே ஜாவா 21இல் உள்ளடக்கம் சரியாகத் தெரியும், தமிழ்ப் பெயருள்ள கோப்பு திறக்காது. பாதி சரியாவது முழுவதும் உடைவதைவிட மோசமானது. நோய் எங்கே என்பதை அது மறைத்துவிடும்.

மேலெழுதல் கோப்பில் ஒரு சூழல் வரியைச் சேர்த்தோம்: மொழியமைப்பைச் சொல்லும் லேங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8. சேவையை மீள எழுப்பியதும் பதிவிலும் கோப்புப் பெயரிலும் தமிழ் வந்தது. இலங்கைத் தமிழுக்கென்றே ஒரு மொழியமைப்பு லினக்ஸில் இருக்கும்போது ஏன் அதைப் போடவில்லை என்று உரிமையாளர் கேட்டார். பயனரின் திரைக்கு அது உகந்தது. சேவைக்கு உகந்ததல்ல. அதைப் போட்டால் கருவிகளின் பிழைச்செய்திகள், திகதி வடிவம், வரிசைப்படுத்தும் முறை எல்லாம் அதோடு மாறலாம். அவற்றை வாசித்து முடிவெடுக்கும் கட்டளைக் கோப்புகள் குழம்பும். சேவைக்கு வேண்டியது எல்லா எழுத்துகளையும் சேதமின்றிச் சுமக்கும் ஆற்றல் மட்டுமே. தமிழில் பேச வேண்டியது மென்பொருள், அதை ஓட்டும் வழங்கி அல்ல.

இதையொட்டி ஒரு குறிப்பு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ஆகவே இருப்பு என்ற சொல் 7 குறிகள், 21 பைட்டுகள். எக்ஸ்ட்4 கோப்புமுறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை. அதாவது 85 குறிகள். வார்ப்புருக்களுக்கு நீண்ட விளக்கப் பெயர் சூட்டும் வழக்கத்தை அவர்கள் குறைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

நேர வலயம் இதே வகையைச் சேர்ந்தது. கணினி உலகப் பொதுநேரத்தில் இருந்தது. கொழும்பு நேரம் பழைய பயனரின் அமைப்பில் மட்டும். சேவையாக மாற்றிய பின் அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய கனமான இரவு பில்ட் காலை 7.30க்குத் தொடங்கி, ஊழியர்கள் வரும் நேரத்தில் கணினியை அடைத்துக்கொண்டது. கணினி முழுவதையும் கொழும்பு நேரத்துக்கு மாற்றினோம்.

சுவரிலிருந்து ஜென்கின்ஸ் வரை

சேவை தானாக எழும்பும் என்று பதிந்துவிட்டால் மின்வெட்டுக்குத் தயார் என்று நினைப்பது பொதுவான பிழை. மின்சாரம் வருவதற்கும் பில்ட் ஓடுவதற்கும் இடையில் பல கண்ணிகள் உள்ளன. அவற்றில் சிஸ்டம்டி ஒன்று மட்டுமே.

முதல் கண்ணி பயோஸ், இயக்குதளத்துக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள். மின்சாரம் போய் வந்தால் எழும்பு என்ற அமைப்பு பெரும்பாலான மேசைக் கணினிகளில் அணைத்தே வருகிறது. இங்கேயும் அப்படியே, ஞாயிறு மாலை கணினி எழுந்தது காவலாளியின் கையால். அதை இயக்கினோம்.

ஆனால் யூபிஎஸ் சேர்ந்ததும் இந்த அமைப்பு ஒரு நுட்பமான பொறிக்குள் விழுகிறது. ஒன்றரை மணி நேர மின்வெட்டை அலுவலக யூபிஎஸ் தாங்காது. மின்கலம் தாழ்ந்ததும் கணினியை ஒழுங்காக அணைக்கும்படி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்தோம். இப்போது ஒரு நிலையைக் கற்பனை செய்யுங்கள்: கணினி அணைந்துகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் மின்சாரம் வந்துவிடுகிறது. யூபிஎஸ் தன் வெளியீட்டை நிறுத்தவே இல்லை. கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை. எனவே போய் வந்தால் எழும்பு என்ற விதி வேலைசெய்யாது. கணினி அணைந்தபடியே கிடக்கும். இதற்காகவே அந்த மென்பொருள், கணினி அணையும் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸுக்கு வெளியீட்டை வெட்டிவிட்டு மின்சாரம் இருந்தால் மீண்டும் கொடு என்று கட்டளையிட வல்லது. அதை இயக்கி, யூபிஎஸ் அதற்குக் கீழ்ப்படிகிறதா என்று பார்த்தே வைக்க வேண்டும். எல்லா மலிவு யூபிஎஸ்களும் கீழ்ப்படிவதில்லை.

ஒழுங்காக அணையும்போது சிஸ்டம்டி ஜென்கின்ஸுக்கு முடிவுச் சைகையை அனுப்பும். ஜாவா 143 என்ற குறியீட்டோடு வெளியேறும். பொதியின் சேவைக் கோப்பு 143ஐ வெற்றி என்றே கணக்கிடுகிறது. அதைத் தோல்வியாக எண்ணித் துரத்த வேண்டியதில்லை.

எழும்பும்போது இன்னொரு எல்லை உண்டு. ஒரு சேவை தொடங்கி முடிக்க சிஸ்டம்டி இயல்பாகக் கொடுப்பது 90 விநாடிகள். பழைய சுழல்தட்டு வட்டு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பில்ட் வரலாறு, புதிதாக எழும்பிய கணினியில் எல்லாச் சேவைகளும் ஒரே நேரத்தில் வட்டுக்குப் போட்டியிடுவது என்று எல்லாம் சேர்ந்தால் ஜென்கின்ஸ் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது சிஸ்டம்டி அதைக் கொன்றுவிட்டு மீண்டும் தொடங்கும். அது மீண்டும் தாமதிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஜென்கின்ஸ் பழுதுபோலத் தெரியும். தொடக்கக் கால எல்லையை மேலெழுதல் கோப்பில் 5 நிமிடமாக்கினோம். பழைய பில்ட்களைத் தானாகக் கழிக்கும் விதியையும் ஒவ்வொரு வேலைக்கும் வைத்தோம்; உண்மையான தீர்வு அதுதான்.

கடைசிக் கண்ணி வலையமைப்பு. கணினி எழும்பிய பின்னரும் இழைவழி இணைப்புக் கருவி தன் ஒளியிணைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். சிஸ்டம்டியின் வலையமைப்பு இலக்குகளை நம்பி இதைத் தீர்க்க முடியாது. அவற்றில் கடுமையானதுகூட இடைமுகத்துக்கு முகவரி கிடைத்ததைத்தான் சொல்லும், இணையம் எட்டியதை அல்ல. ஆகவே சேவையைத் தாமதிக்காமல், களஞ்சியத்தை எடுக்கும் படியைத் தோற்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும்படி பில்ட் வரையறையிலேயே எழுதினோம்.

ஓடாத பில்ட் மௌனமாக இருந்ததுதான் முதல் இழப்புக்குக் காரணம் என்பதால், அதற்கும் ஒன்று செய்தோம். இரவு பில்ட் வென்றாலும் காலையில் ஒரு மின்னஞ்சல் வரும். அதைப் பார்ப்பது முதலில் அலுவலகம் வருபவரின் வேலை. வராவிட்டால் அன்று கையால் எதுவும் வெளியிடப்படாது. மென்பொருளால் மட்டும் தீர்க்க முடியாத இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்னர், உரிமையாளரின் சம்மதத்தோடு, வேலை நாளொன்றில், பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ்ஸின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றினோம். மின்கலம் தாழ்ந்தது, கணினி அணைந்தது, செருகியை மாட்டியதும் எழுந்தது, ஜென்கின்ஸ் பதிலளித்தது. எவரும் விசைப்பலகையைத் தொடவில்லை. இடையில் அறுந்த பில்ட் தோல்வியாகப் பதிவாகி மின்னஞ்சலும் வந்தது. பழைய பயனர் கணக்கைப் பூட்டிவிட்டு, அடுத்த நாள் முழுவதும் எதுவும் உடையவில்லை என்பதைப் பார்த்த பின்னரே அதை நீக்கினோம்.

மேலெழுதல் கோப்பு, கருவிகளின் பதிப்புகள், பயோஸ் அமைப்பு, யூபிஎஸ் கட்டளை ஆகிய எல்லாவற்றையும் மென்பொருளின் களஞ்சியத்திலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறார் அந்த இளம் பொறியியலாளர். அவர் நாளை வேறிடம் போனாலும் அடுத்தவர் அதை வாசித்து வேறொரு கணினியில் இதே சேவையை எழுப்ப முடியும்.

எஞ்சியிருப்பது காப்புப் பிரதி. ஜென்கின்ஸின் வீட்டு அடைவு இன்னும் ஒரே வட்டில் இருக்கிறது. வேலைகளின் எக்ஸ்எம்எல் கோப்புகளை மட்டும் படியெடுப்பவர்கள் பலர். அது போதாது. நம்பகச் சான்றுகளெல்லாம் இரகசிய அடைவிலுள்ள முதன்மைத் திறவுகோலால் பூட்டப்பட்டவை. அந்த அடைவு இல்லாத பிரதியிலிருந்து மீட்டால் வேலைகள் வரும், ஒரு சான்றும் திறக்காது. அதே வேளை, முதன்மைத் திறவுகோலையும் சான்றுகளையும் ஒரே வெளிவட்டில் வைத்தால், அந்த வட்டு கிடைத்தவருக்கு எல்லாம் கிடைத்துவிடும். ஆகவே வேலைகளும் சான்றுகளும் ஒவ்வோர் இரவும் ஒரு வட்டுக்கும், முதன்மைத் திறவுகோல் ஒரேயொரு முறை குறியாக்கம் செய்யப்பட்டு உரிமையாளரின் வீட்டிலுள்ள வேறொரு வட்டுக்கும் போகும்படி திட்டமிட்டிருக்கிறோம். வெளிவட்டுகள் வாங்கப்பட்டுவிட்டன, மீட்டுப் பார்ப்பதற்கு ஒரு பழைய மடிக்கணினியும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.